காலணா கார்டும் ஊட்டி முத்திரையும்: பழைய அஞ்சலட்டையை எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க

பழைய வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது காகிதம்தான். பித்தளை அண்டாவுக்கு ஒரு விலை, தேக்கு நாற்காலிக்கு ஒரு விலை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கட்டுக் கட்டாக இருக்கும் போஸ்ட் கார்டுகளுக்கு? கிலோ கணக்கு. வீட்டில் ஸ்டாம்ப் சேர்க்கும் பையன் யாராவது இருந்தால், ராணி தலை இருக்கும் மூலையை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடுவான்.

அஞ்சலட்டை சேகரிப்பில் இதைவிடப் பெரிய சேதம் கிடையாது. வெட்டி எடுத்த மூலைக்குப் பெரிதாக மதிப்பில்லை. குப்பைக்குப் போன மீதியில்தான் ஊர் முத்திரை, தேதி, கையெழுத்து, சேதி எல்லாமே இருந்தது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வேர் உள்ளவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் முக்கியம். நூறு வருஷத்துக்கு முந்தைய நீலகிரியைப் பற்றிய சாட்சியங்களில் கணிசமான பங்கு இந்தச் சின்ன அட்டைகளில்தான் இருக்கு. அவற்றில் எது அரிது, எப்படி வயதைக் கண்டுபிடிப்பது, கையில் கிடைத்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கார்டு எங்கே வந்தது?

ஆஸ்திரியா-ஹங்கேரியில். 1869 அக்டோபர் 1-ம் தேதி. இமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கொடுத்த யோசனை அது. நாலு வரிச் சேதிக்கு எதற்கு ஒரு தாள், ஒரு உறை, முழு தபால் கட்டணம் என்று கேட்டார். அடுத்த வருஷமே பிரிட்டன் அதைப் பின்பற்றியது. அமெரிக்காவில் 1873 மே மாதம் வந்தது. கடிதத்துக்கு 3 சென்ட் இருந்த காலத்தில் கார்டுக்கு 1 சென்ட்.

அந்த அமெரிக்க கார்டு, உலகம் முழுக்க சேகரிப்பாளர்களுக்கு ஒரு பாலபாடம். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே ஒன்றுதான்: பழுப்பு மையில் சுதந்திர தேவியின் தலை. ஆனா வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் காகிதத்துக்குள் ஒரு வாட்டர்மார்க் தெரியும். சில அட்டைகளில் அது 90-க்கு 60 மில்லிமீட்டர், சிலவற்றில் 53-க்கு 36 மில்லிமீட்டர். பெரிய குறி உள்ளதுக்கே மதிப்பு அதிகம். அச்சு ஒன்று, விலை ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் காகிதத்துக்குள்ளே ஒளிந்திருக்கு. கார்டு சேகரிப்பின் முதல் விதி இதிலேயே வந்துவிடுகிறது: முன்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே.

நம்ம ஊருக்கு எப்போது வந்தது?

1879 ஜூலை 1. லண்டனில் தாமஸ் டி லா ரூ நிறுவனம் அச்சடித்து அனுப்பிய இரண்டு வகை அட்டைகள். உள்நாட்டுக்குக் கால் அணா, வெளிநாட்டுக்கு ஒன்றரை அணா. உள்நாட்டு அட்டையில் விக்டோரியா ராணியின் தலையும் 'ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு' என்ற எழுத்தும் இருந்தன. தமிழ்நாட்டில் அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'காலணா கார்டு'.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. அரை அணா கொடுத்துக் கடிதம் எழுத யோசித்தவர்கள்கூட இதை வாங்கினார்கள். கார்டில் எழுதினால் தபால்காரரில் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாரும் படிக்கலாம் என்பது தெரிந்தும் வாங்கினார்கள். 1880-ல் அரசு அலுவலகங்களுக்கான கார்டு வந்தது. 1890-ல் பதில் எழுத இன்னொரு அட்டை சேர்ந்தே வரும் இரட்டைக் கார்டு வந்தது. பதில் பாதியைக் கிழித்துத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. அதனால் கிழியாமல் இரண்டும் ஒட்டியே பயணப்பட்ட அட்டை இன்று கண்ணில் படுவது கஷ்டம்.

எல்லா கார்டும் ஒன்றா?

இல்லை. இதில்தான் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். ஒன்று, தபால் துறையே வெளியிடும் கார்டு. ஸ்டாம்ப் அதிலேயே அச்சாகி இருக்கும். மேலே சொன்ன காலணா கார்டும் அமெரிக்காவின் 1 சென்ட் கார்டும் இந்த ரகம். இன்னொன்று, தனியார் அச்சடிக்கும் படக் கார்டு. ஒருபக்கம் ஊட்டி ஏரியோ குன்னூர் மலைப்பாதையோ இருக்கும். ஸ்டாம்பை நாம்தான் ஒட்ட வேண்டும்.

முதல் ரகத்தில் படம் இருக்காது. பார்க்க அழகாகவும் இருக்காது. அதனாலேயே வீடுகளில் அதுதான் முதலில் தொலைந்தது.

ஊட்டிக்கு ஏன் இவ்வளவு படக் கார்டு?

காரணம் எளிது. கோடை வந்தால் மதராஸ் மாகாண அரசே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். கவர்னர், அதிகாரிகள், அவர்கள் குடும்பம், எஸ்டேட் துரைகள், வெலிங்டன் ராணுவ முகாம். இவர்கள் எல்லாருக்கும் இங்கிலாந்தில் சொந்தம் இருந்தது. 'இங்கே குளிர் நம்ம ஊர் மாதிரியே இருக்கு' என்று காட்டும் ஆசையும் இருந்தது.

படம் எடுக்க ஆளும் இருந்தார்கள். ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஆங்கிலேயர் 1875-ல் ஊட்டியில் ஸ்டுடியோ தொடங்கி, முப்பது வருஷத்துக்கும் மேல் நீலகிரியைப் படம் எடுத்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் படக் கார்டு மோகம் உலகம் முழுக்கப் பரவியது. மதராஸின் வீலே அண்ட் க்ளைன் ஸ்டுடியோவும், 1844 முதல் புத்தகம் விற்றுவந்த ஹிக்கின்பாதம்ஸும் ஊட்டிக் காட்சிகளைக் கார்டாக்கி விற்றார்கள். ஏரி, தாவரவியல் பூங்கா, புனித ஸ்டீபன் தேவாலயம், மலை ரயில், தோடர் மந்து என்று வரிசை நீளும்.

இந்தக் கார்டுகள் எழுதப்பட்டது இங்கே. போய்ச் சேர்ந்தது அங்கே. அதனால் ஊட்டியின் பழைய படக் கார்டைத் தேடுபவர்கள் ஊட்டியைவிட இங்கிலாந்தின் பழைய பொருள் சந்தைகளிலும் ஏல இணையதளங்களிலும்தான் அதிகம் தேடுகிறார்கள். பென் எடுத்த படங்களையே அவர் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பென் தேடித் திரட்டித்தான் புத்தகமாக்க முடிந்தது. 2018-ல் மதராஸ், பெங்களூர் படக் கார்டுகளை வைத்து ஒரு நல்ல கண்காட்சி நடந்தது. நடந்த இடம் லண்டனின் சோயாஸ் பல்கலைக்கழகம்.

ஒரு கார்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. பல நேரம் மை கலைந்திருக்கும். அப்போது துப்பறிய வேண்டியதுதான்.

தலையைப் பாருங்க: விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார். பிறகு 1910 வரை ஏழாம் எட்வர்ட், 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ், அடுத்து ஆறாம் ஜார்ஜ். அரசர் மாறினாலும் பழைய அட்டைகள் கொஞ்ச காலம் புழங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விலையைப் பாருங்க: கால் அணா விலை 1922 வரை நீடித்து, அந்த வருஷம் அரை அணாவாக ஏறியது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்குப் பிந்தையது. முகவரியில் பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.

படக் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்க: ஆரம்பத்தில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு ஒருபக்கம் சேதி, ஒருபக்கம் முகவரி என்று பிரித்தது பிரிட்டனில் 1902-ல், அமெரிக்காவில் 1907-ல். கோடில்லாத கார்டு பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு முந்தைய தலைமுறை.

படத்துக்குள்ளே பாருங்க: இது நீலகிரிக்கே உரிய வசதி. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல். ஊட்டி வரை நீண்டது 1908-ல். குன்னூர் நிலையத்தில் ரயில் நிற்கும் படம் 1899-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஊட்டி நிலையம் இருந்தால் 1908-க்கு முந்தையதாக இருக்க முடியாது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் கட்டிடம் தெரிந்தால் 1907-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: நல்லா விற்ற படத்தை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். படம் எடுத்த காலம் வேறு, தபாலில் போட்ட காலம் வேறு.

பழசு என்றாலே அரிதா?

இல்லவே இல்லை. லட்சக்கணக்கில் அச்சடித்த காலணா கார்டு, எழுதாத வெற்று அட்டையாக இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. வயது மட்டும் ஒரு கார்டை அரிதாக்காது. எங்கிருந்து எங்கே போனது, யாருக்கு, எந்தச் சூழலில் என்பதே அரிதாக்கும்.

ஒரு உதாரணம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடிபட்ட கைதிகளைப் பிரிட்டிஷ் அரசு 1901, 1902-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. அவர்களை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று நம்ம கேத்தியில் இருந்தது. கைதிகளின் தபால் தணிக்கைக்குப் பிறகே வெளியே போகும். அப்படித் தணிக்கை முத்திரையோடு நீலகிரியில் இருந்து கிளம்பிய ஒரு அட்டை கிடைத்தால், அதில் ராணி தலை இருக்கா, ராஜா தலை இருக்கா என்பது ரெண்டாம் பட்சம். கேத்தியின் கதையில் இப்படி ஒரு பக்கம் இருக்கு என்பதற்கே அந்த அட்டை சாட்சி.

இன்னொரு உதாரணம், நம்ம வீட்டுப் பழக்கத்தில் இருந்தே. நல்ல சேதி என்றால் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் சேதி என்றால் கருப்பு. அந்தக் கருப்புக் கார்டை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று படித்ததுமே கிழித்துப் போட்டுவிடுவார்கள். எத்தனை ஆயிரம் கார்டு அப்படி எழுதப்பட்டிருக்கும்! கையில் மிஞ்சியது சொற்பம். ஒரு பொருள் அரிதாவதற்குக் குறைவாக அச்சடிப்பது மட்டும் காரணமில்லை. கிழிக்கச் சொல்லும் சம்பிரதாயமும் ஒரு காரணம்.

கார்டின் நடுவில் ஓட்டை இருக்கா? முகம் சுளிக்க வேண்டாம். வந்த தபாலை எல்லாம் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்திவைப்பது நம் வீடுகளின் ஃபைலிங் முறை. சந்தையில் ஓட்டையால் விலை குறையும், உண்மைதான். ஆனா அந்த ஓட்டை, இந்தக் கார்டை ஒருவர் பத்திரப்படுத்த நினைத்தார் என்பதன் அடையாளம்.

படத்தில் இருப்பவர்கள் யார்?

நீலகிரிப் படக் கார்டுகளில் அதிகம் விற்றவற்றில் தோடர் படங்களும் உண்டு. அரைவட்டக் கூரை வீட்டுக்கு முன்னால் குடும்பமாக நிற்பார்கள். கீழே 'தோடா குழு', 'தோடா பெண்' என்று தலைப்பு இருக்கும். பெயர் இருக்காது. கவர்னர் மாளிகைப் படத்துக்குக் கட்டிடத்தின் பெயரைக்கூடச் சரியாகப் போட்டவர்கள், இவர்களை ஒரு 'வகை' என்று மட்டும் அச்சிட்டார்கள். இன்று தோடர் மக்கள் சுமார் 2,000 பேர். படத்தில் நிற்பவர் இப்போது அந்த மந்தில் இருக்கும் யாரோ ஒருவரின் கொள்ளுப்பாட்டியாக இருக்கலாம். ஸ்கேன் செய்து இன்ஸ்டாவில் போடுவதற்கு முன் அதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் நல்லது.

மனிதர்கள் மட்டுமல்ல, மண்ணும் இந்தப் படங்களில் பதிவாகி இருக்கு. பழைய ஊட்டிக் கார்டில் மலைகள் மொட்டையாகத் தெரியும். 'அப்பவே காட்டை அழிச்சுட்டாங்களா' என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. நீலகிரி மேட்டுநிலத்தின் இயல்பான முகமே புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும்தான். இன்று நாம் 'இயற்கை' என்று செல்ஃபி எடுக்கும் யூகலிப்டஸும் சீகை மரமும்தான் பிறகு கொண்டுவந்து நட்டவை. ஏரியும் அப்படித்தான். இன்றைய பேருந்து நிலையமும் ரேஸ்கோர்ஸும் இருக்கும் இடம்வரை ஒருகாலத்தில் தண்ணீர் நின்றது. ஏரி எவ்வளவு சுருங்கியது என்று வாதாடும் நாளில், ஒரு படக் கார்டு பல அறிக்கைகளைவிடப் பளிச்சென்று பேசும்.

லயத்து வீட்டுக் கார்டுகள் எங்கே?

துரை வீட்டுப் படக் கார்டுக்கு ஏலத்தில் ஆள் இருக்கு. எஸ்டேட் லயத்தில் இருந்தவர்கள் எழுதிய, அவர்களுக்கு வந்த கார்டுகளுக்கு?

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும் 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் தமிழக அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ. அண்ணன் நுவரெலியாவில், தம்பி கூடலூரில் என்று குடும்பங்கள் பிரிந்தன. போன் இல்லாத காலத்தில் அவர்களைச் சேர்த்துவைத்தது தபால் மட்டும்தான்.

அந்தக் கடிதமும் கார்டும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. விக்டோரியா தலை இல்லை, அழகான படம் இல்லை, வயதும் அறுபதைத் தாண்டவில்லை. ஆனா யார் எப்போது வந்தார்கள், என்ன கூலி கிடைத்தது, யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அவர்கள் சொந்தக் கையெழுத்தில் இருப்பது அதில்தான். துரை எழுதியது இங்கிலாந்துப் பரணில் பத்திரமாக இருந்து இன்று விலைக்கு வருகிறது. இவர்கள் எழுதியது லயத்து ஓட்டுக்கூரை ஒழுகலில் நனைந்தே போகக்கூடும். பழைய கார்டைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டிய இடம் ஏல இணையதளம் அல்ல, தன் வீட்டுப் பெட்டி.

சரி, கையில் கிடைத்தால் என்ன செய்யணும்?

• வெட்டாதீங்க. ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவும் கூடாது. கார்டு முழுசாக இருந்தால்தான் கதை முழுசாக இருக்கும்.

• லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செல்லோ டேப்பும் வேண்டாம். இரண்டும் திரும்ப எடுக்க முடியாத சேதம்.

• மலைக் காற்றின் ஈரம் காகிதத்துக்கு எமன். பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சி வரும். அதற்காக வெயிலில் காயவைத்தால் மை வெளிறும். காற்றோட்டமான உலர்ந்த அறையில், நிழலில், பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறையில் வைக்கலாம்.

• இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்க. படம் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீங்க. கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்க. கூட்டெழுத்தும் பழைய சுருக்கக் குறிகளும் அடுத்த தலைமுறைக்குப் புரியாமல் போகலாம்.

• யாரிடம் இருந்து வந்தது, எங்கே கிடைத்தது என்ற விவரத்தை உறையின் மேல் பென்சிலில் எழுதுங்க, கார்டின் மேல் அல்ல.

வாங்கும்போது? விற்கும்போது?

புது அச்சை அழுக்காக்கிப் பழசு என்று விற்பவர்களும் உண்டு. போன் கேமராவின் மேக்ரோவில் நெருங்கிப் பாருங்க. இன்றைய பிரிண்டரில் எடுத்த நகல் என்றால் மை சிதறல் தெரியும். அச்சுப் புள்ளி இருந்தாலே போலி என்றும் முடிவு கட்ட வேண்டாம். புள்ளி அச்சு அன்றும் இருந்தது. காகிதத்தின் தடிமன், முத்திரை, ஸ்டாம்ப், பின்பக்க அமைப்பு நாலும் ஒரே காலத்தைச் சொல்கிறதா என்பதுதான் சோதனை. ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்பின் மேல் 1905 முத்திரை இருந்தால் ஏதோ இடிக்கிறது.

வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் சட்டத்தையும் பார்க்கணும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலை, வரலாற்றுப் பொருட்களும், 75 வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் தொல்பொருளாகலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் கார்டு அந்தக் கணக்கில் வருமா என்ற சந்தேகம் இருந்தால், விற்பனைப் பக்கத்தில் ஏற்றும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

இந்தச் சேகரிப்பைத் தொடங்கப் பெரிய முதலீடு வேண்டாம். அஞ்சலகத்தில் 50 பைசாவுக்கு ஒரு கார்டு வாங்கி, ஊரில் இருக்கும் பெரியம்மாவிடமோ மாமாவிடமோ 'நம்ம வீட்டுப் பழைய கார்டெல்லாம் எங்கே' என்று கேட்டு எழுதிப் போடலாம். பதில் வந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்க.